'மலை இல்லாத ஊரில் மை எதற்கு?' என்பவர்களுக்கு

சீன மைத்தூரிகையால் மலையையும் பாறையையும் தீட்டும் மரபைப் பற்றி இந்த ஊரில் ஒரு தீர்ப்பு எப்போதோ எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. கலைக்கூட உரையாடல்களிலும் பள்ளி ஓவிய வகுப்புகளிலும் தேக்கா காப்பிக்கடை மேசைகளிலும் அது ஏறத்தாழ ஒரே வடிவில் காதில் விழும். சிங்கப்பூர் தட்டை நிலம். இங்கே மலை கிடையாது, பாறை கிடையாது. ஆகவே இங்கே உட்கார்ந்து மையில் பாறை தீட்டுகிறவர், தாத்தா விட்டுவந்த ஊரைப் புத்தகம் பார்த்துப் படியெடுக்கிறார். நன்யாங் எனப்படும் தென்கடல் பாணியின் ஓவிய முன்னோடிகள் பாறைகளைக் கைவிட்டுத் தென்னையையும் கம்பத்து வீட்டையும் ஆற்றங்கரைப் படகையும் தீட்டத் தொடங்கிய பிறகுதான் மை இந்த மண்ணுக்குச் சொந்தமானது. தமிழர் வாயில் இந்தத் தீர்ப்புக்கு ஒரு வாலும் முளைக்கும்: எப்படியிருந்தாலும் அது சீனர்கள் சமாசாரம், நமக்கென்ன?

கேட்க நியாயமாகத் தோன்றும் பேச்சு. அதனால்தான் யாரும் எதிர்க்கேள்வி போடுவதில்லை. பாறை இல்லை என்பது நிலவியல் அறியாத பேச்சு; பாறை தீட்டினாலே படியெடுப்பு என்பது தூரிகை அறியாத பேச்சு; முன்னோடிகள் பாறையை விடச் சொன்னார்கள் என்பது அவர்களைப் பாதிவரை மட்டும் படித்த பேச்சு; தமிழருக்கு இதில் பங்கில்லை என்பது மறதி. நான்கையும் வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் தரை. சிங்கப்பூர்த் தீவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிரானைட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. புக்கிட் தீமா கிரானைட் என்று நிலவியலார் பெயரிட்டிருக்கும் இந்தக் கல் 20 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. தீவின் நடுவில் புக்கிட் தீமாவையும் மண்டாயையும் தாங்கி நிற்பது இதுதான். கடல் தாண்டிப் புலாவ் உபினில் மறுபடி தலைகாட்டுவதும் இதுதான். மேற்கிலும் தெற்கிலும் வேறு இனம்: மணற்கல்லும் களிக்கல்லும் அடுக்கடுக்காய்ப் படிந்து, பிறகு மடிந்து சாய்ந்தவை. லாப்ரடார் பூங்காவின் கடலோரச் செங்குத்தில் அந்த அடுக்குகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். மண்டாய்க் கிரானைட்டைக் குடைந்து 2008இல் ஆயுதப் படை வெடிமருந்துக் கிடங்கு அமைத்தது. ஜூரோங்கில் கடலுக்கு அடியில் பாறையைக் குடைந்து, தரைமட்டத்திலிருந்து சுமார் 130 மீட்டர் ஆழத்தில், 2014இல் எண்ணெய்ச் சேமிப்புக் குகைகளைத் திறந்தார்கள். கிடங்கு தோண்டும்போது இருக்கிற பாறை, ஓவியம் என்றதும் எப்படிக் காணாமல் போகிறது?

கண்ணில் அதிகம் படவில்லை என்பது உண்மை. அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று மழையும் வெக்கையும். இந்தத் தட்பவெப்பத்தில் கிரானைட் உள்ளுக்குள்ளேயே உளுத்துச் செம்மண்ணாகிறது. பல மீட்டர் கனத்துக்கு மண், அதன் மேல் காடு, அதற்கடியில்தான் கல். இரண்டாவது காரணம் நாம். கண்ணெதிரே துருத்திக்கொண்டிருந்த பாறைகளை இந்நகரம் ஒவ்வொன்றாகத் தகர்த்தது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற எழுத்துப் பொறித்த பெரும்பாறையை 1843இல் அங்கிருந்த கோட்டையை விரிவாக்குவதற்காக வெடிவைத்துப் பிளந்தார்கள். மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது; அதிலுள்ள எழுத்து இன்றுவரை படிக்கப்படவில்லை. கெப்பல் துறைமுக வாயிலில் மாலுமிகளுக்கு அடையாளமாக நின்ற நாகப்பல் பாறை 1848இல் கப்பல் வழியை அகலமாக்கத் தகர்க்கப்பட்டது. லாப்ரடாரில் இன்று நிற்பது 2005இல் வைத்த பிரதி. முதலில் பாறையை உடைத்துவிட்டு, பிறகு இந்த ஊரில் ஏது பாறை என்று ஓவியனைக் கேட்பது வேடிக்கையான நியாயம்.

உடைத்த கல் எங்கே போனது? பெட்ரா பிராங்காவில் 1851இல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் உபின் கிரானைட். 1855இல் எழுந்த ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கமும் அதே தீவின் கல். 1924இல் திறந்த ஜோகூர் கடற்பாலத்துக்குள் கொட்டிக் கிடப்பது உபினிலும் புக்கிட் தீமாவிலும் வெட்டிய பாறை. உபினின் குவாரிகள் 1999 வாக்கில்தான் ஓய்ந்தன. அதற்குப் பிறகும் பசி தீரவில்லை: 2007இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடுத்து, கிரானைட் ஏற்றிய படகுகளையும் பிடித்துவைத்தபோது இங்கே கட்டுமானத் தொழிலே கலங்கியது. கல்லைத் தின்று வளர்ந்த நகரம் இது. இந்த ஊரின் வாழ்க்கையைத் தீட்டு என்று ஓவியனுக்கு அறிவுரை சொல்கிறவர்கள், அந்த வாழ்க்கை எதன் மேல் எழுந்தது என்று ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது.

சரி, பாறை இருக்கிறது. மலை எங்கே என்பார்கள். புக்கிட் தீமாவின் உச்சியே 163 மீட்டர்தானே, பல அடுக்குமாடிக் கட்டடங்கள் அதைவிட உயரமாயிற்றே? மைமரபில் உயரம் என்பது மீட்டர் கணக்கு அல்ல. பார்ப்பவன் எங்கே நிற்கிறான் என்பதே கணக்கு. 11ஆம் நூற்றாண்டில் சீன ஓவியர் குவோ ஷி மூன்று தூரங்களைப் பிரித்தார்: அடிவாரத்தில் நின்று உச்சியை அண்ணாந்து பார்ப்பது, முன்னே நிற்கும் பாறையைத் தாண்டிப் பின்னால் இருப்பதைத் துழாவுவது, அருகிலிருந்து தொலைவைக் கிடையாகப் பார்ப்பது. இவற்றுள் முதல் தூரத்துக்கு வேண்டியது நெஞ்சுக்கு முன்னால் எழும் ஒரு செங்குத்து; அவ்வளவுதான். குவாரியின் அடியில் நிற்பவனுக்கு அது தாராளமாகக் கிடைக்கிறது. ஹிண்ட்ஹீட், டெய்ரி ஃபார்ம், சிங்கப்பூர் குவாரி என்று புக்கிட் தீமாவைச் சுற்றிலும் வெட்டுண்ட முகங்கள் நிற்கின்றன; சிலவற்றின் காலடியில் பச்சைத் தண்ணீர். மூன்று தூரங்களும் ஒரே இடத்தில்.

வெட்டுண்ட முகம் இயற்கை ஆகாதே என்று அடுத்த ஆட்சேபம் வரும். மனிதக் கை படாத மலைதான் மைமரபின் பொருள் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அந்த மரபின் மணிமுடி என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஓவியம், தைபெய் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கும் ஃபான் குவானின் மலைப்பயணிகள் ஓவியம். ஆயிரமாவது ஆண்டையொட்டித் தீட்டியது. இரண்டு மீட்டருக்கும் சற்று அதிக உயரம். பார்ப்பவரை முதலில் மறிப்பது மேலே எழும் பெரும்பாறை. கண் மெல்லக் கீழிறங்கினால் அடியில் ஒரு பாதை; அதில் சுமை ஏற்றிய கோவேறு கழுதைகளை ஓட்டிச் செல்கிறார்கள் வழிப்போக்கர்கள். வியாபாரமும் சுமையும் உழைப்பும் அந்தப் பாறையின் காலடியிலேயே நடக்கின்றன. கழுதை போகும் பாதை ஓவியத்துக்கு அடங்குமென்றால் கல் ஏற்றிய லாரி போன பாதை ஏன் அடங்காது?

பார்வை எப்படித் திருடப்படுகிறது என்பதற்கு புக்கிட் பாத்தோக் ஓர் உதாரணம். அங்கே மூடிய குவாரி ஒன்றில் தண்ணீர் தேங்கி, நடுவே பாறை நிமிர்ந்து நிற்கிறது. அதற்குக் குட்டி குய்லின் என்று பெயர் வைத்துவிட்டோம். போகிறவர்கள் எல்லாரும் அங்கே தென்சீனத்துக் குய்லினைத் தேடுகிறார்கள். கிடைக்காமல், பரவாயில்லை, சின்னதாக இருக்கிறது என்று படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். குய்லின் சுண்ணக்கல். மழையில் கரைந்து கரைந்து தனித்தனிக் கூம்புகளாக நிற்கும் கல். புக்கிட் பாத்தோக் பாறையோ பூமிக்கு அடியில் தணலாக இருந்து இறுகியது. அது கரைவதில்லை, விரிசல் வழியே பிளக்கிறது. உறவு தேடித்தான் ஆக வேண்டுமென்றால் ஹுவாங்ஷான் மலைக்குப் போகலாம். அதுவும் அனற்பாறை, கிரானைட். 17ஆம் நூற்றாண்டில் ஓவியர் ஹோங்ரென் அந்த மலையைத் தீட்டியபோது பாறையின் தோலில் கோடுகளை வாரி இறைக்கவில்லை. விரிசல்களின் ஓரத்தை மட்டும் மெல்லிய முனையால் இழுத்து, கட்டம் கட்டமாகப் பாறையை எழுப்பினார். கிரானைட் அப்படித்தான் உடைகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குட்டி குய்லினைக் கூம்பு கூம்பாகத் தீட்டுகிறவர் அந்தப் பாறையைப் பார்க்கவில்லை; அதன் பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கிறார். அவரைக் கண்டிக்கும் கூட்டத்தில் நானும் சேருவேன்.

இதுவே இரண்டாவது விஷயத்துக்கு வழி. பாறையின் தோலைக் காட்டும் கோடுகளைச் சீன ஓவியர்கள் 'ட்சுன்' என்பார்கள். அவற்றில் வகைகள் உண்டு: சணல்நார்க் கோடு, கோடரிவெட்டுக் கோடு, மழைத்துளிக் கோடு, மடித்த நாடாக் கோடு என்று பட்டியல் நீளும். 1679இல் வெளியான கடுகுவிதைத் தோட்டம் என்ற பயிற்சி நூல் இவற்றையெல்லாம் வகைபிரித்து அச்சுப்படமாகக் கொடுத்தது. அன்றிலிருந்து அதைப் பார்த்துப் போட்டவர்கள் ஏராளம். அதை வைத்துத்தான் பாறைக்கோடு என்றாலே வாய்ப்பாடு என்ற குற்றச்சாட்டு எழுகிறது.

வாய்ப்பாடாக்கியவர்கள் உண்டு என்பதால் கோடே வாய்ப்பாடு ஆகிவிடாது. கோடு முதலில் பிறந்தது பாறையிலிருந்து. பட்டியல் பல நூற்றாண்டு பிந்தி வந்தது. லி டாங் 1124இல் தீட்டிய பைன்மரக் காற்று ஓவியத்தில் தூரிகையைப் பக்கவாட்டில் சாய்த்து வெடுக்கென்று இழுத்த கோடரிவெட்டு, வடக்கின் கடினமான செங்குத்துகளைப் பார்த்த கண்ணிலிருந்து வந்தது. சணல்நார்க் கோடு தெற்கில் மண்மூடிய மெத்தென்ற குன்றுகளுக்கு உரியது. நி ட்சானின் மடித்த நாடாக் கோடு, கிடையாக இழுத்துச் சட்டென்று கீழே மடக்குவது, அடுக்குப் பாறையின் விளிம்பை அப்படியே பிடிக்கிறது. ஒவ்வொரு கோடும் ஒரு கல் எப்படிப் பிறந்தது, எப்படித் தேய்ந்தது, எந்த இடத்தில் பிளந்தது என்பதைப் பற்றிய ஒரு முடிவு. கல்தச்சன் உளியை வைக்குமுன் கல்லின் ஓட்டம் பார்ப்பதில்லையா, அதே பார்வை.

இந்தப் பார்வையை உபினுக்குக் கொண்டுபோங்கள். அந்தத் தீவின் கரையோரப் பாறைகள் சிலவற்றில் உச்சியிலிருந்து அடிவரை வாய்க்கால்கள் ஓடுகின்றன. மழைநீர் வழிந்து வழிந்து கிரானைட்டில் அரித்த பள்ளங்கள். அருகருகே, ஏறத்தாழ இணையாக, கீழே வரவர அகன்று. இடையிலுள்ள மேடுகள் வழவழப்பாக உருண்டிருக்கும். பள்ளங்களில் கறுப்பேறிய பாசிப் படலம். வெயிலில் மேடு வெளிறித் தெரியும். மழை பெய்து ஓய்ந்ததும் பள்ளம் மட்டும் நெடுநேரம் ஈரமாக மின்னும். 1840களிலேயே ஜே. ஆர். லோகன் என்ற ஆய்வாளர் இப்பாறைகளைப் பற்றி விரிவாக எழுதினார்.

இதை எந்தக் கோட்டில் தீட்டுவது? பயிற்சி நூலைக் கேட்டால் குழம்பிப்போகும். கல் கடினமானது, ஆகவே கோடரிவெட்டு என்று ஒரு பக்கம் சொல்லும். மேலிருந்து கீழே ஓடும் நெடுங்கோடுகள், ஆகவே சணல்நார் என்று மறுபக்கம் சொல்லும். கோடரிவெட்டைப் போட்டால் வழிந்தோடிய தண்ணீரின் தடம் தொலைந்துபோகும். சணல்நாரைப் போட்டால் பாறை மண்குன்றாகிவிடும். தீட்டுகிறவன் இரண்டையும் உடைத்துத்தான் ஆக வேண்டும். மையைக் கெட்டியாக உரசி, தூரிகையை ஏறக்குறைய உலர்த்தி, நெடுங்கோட்டைச் சாய்ந்த முனையால் விட்டுவிட்டு இழுக்க வேண்டும்; மேடுகளின் வெளிறிய முதுகைத் தாளின் வெண்மைக்கே விட்டுவிட வேண்டும்; அது காய்ந்த பிறகு பள்ளத்துக்குள் மட்டும் நீர்த்த மையை இறக்கி, ஈரம் அடங்குமுன் அதன் மேல் ஒரு சொட்டுக் கரிய மையை விட்டு ஊறவைக்க வேண்டும். அங்கேயும் இந்த ஊர் குறுக்கே வரும். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் இடத்தில் கசியும் தாள் சொன்ன பேச்சுக் கேட்காது. உலர்கோடு உலராது, வடசீனத்தில் விளிம்போடு நின்றுவிடும் மை இங்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நகர்வுக்கு ஏற்பக் கை தன் வேகத்தை மாற்றிக்கொண்டால் அந்தக் கோடு பெய்ஜிங்கிலும் ஹாங்ஜோவிலும் பிறந்திருக்க முடியாத கோடு. இதைப் படியெடுப்பு என்கிறவர் எதைப் பார்த்துப் படியெடுத்தது என்று காட்டட்டும்.

புக்கிட் தீமாவின் காடுமூடிய செம்மண் சரிவுக்கும் லாப்ரடாரின் அடுக்குப் பாறைக்கும் இதே கணக்கு உண்டு. இத்தனை சின்னத் தீவில் இத்தனை வகைக் கல், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கைப்பழக்கம். பாறை தீட்டுகிறவனுக்கு இந்த ஊர் வறண்ட நிலம் அல்ல.

இனி எதிர்த்தரப்பின் ஆகப் பலமான வாதம். அது நன்யாங் முன்னோடிகளின் பெயரால் வருகிறது. 1938இல் லிம் ஹாக் தாய் நன்யாங் நுண்கலைக் கழகத்தை நிறுவிய காலத்திலிருந்தே, ஷாங்ஹாயில் கற்றதை இந்த மண்ணில் என்ன செய்வது என்ற கேள்வி அந்தத் தலைமுறையை உறுத்தியது. மையில் அக்கேள்விக்கு மிகத் தெளிவாகப் பதில் சொன்னவர் சென் சோங் ஸ்வீ (1910–1985). கலை வாழ்விலிருந்து பிறக்க வேண்டும் என்று எழுத்திலும் வகுப்பிலும் வலியுறுத்தினார். வெளியே போய்ப் பார்த்துத் தீட்டினார். சீனத் தூரிகையால் மலாய்க் கம்பங்களையும் கடற்கரைகளையும் பாலித் தீவின் பெண்களையும் கொண்டுவந்தார். 1952இல் லியு காங், சென் வென் ஷி, சியோங் சூ பியெங் ஆகியோருடன் அவர் போன பாலிப் பயணம் சிங்கப்பூர்க் கலை வரலாற்றில் ஒரு திருப்பமாகவே சொல்லப்படுகிறது. அந்த மரியாதையில் எனக்கும் குறைவில்லை.

ஆனால் அவருடைய கொள்கை என்ன? பார்க்காததைத் தீட்டாதே, பார்த்ததைத் தீட்டு. பனிமூடிய சிகரத்தை வீவக வீட்டு வரவேற்பறையில் இருந்தபடி தீட்டுகிறவனை அது தடுக்கும், தடுக்கட்டும். உபின் கரையில் நிற்கிறவனை அது எப்படித் தடுக்கும்? பார்த்ததைத் தீட்டு என்ற கட்டளை, பிற்காலத்தில் தென்னை, படகு, கடைவீடு என்ற பொருட்பட்டியலாகச் சுருங்கிப்போனது. ஒரு பட்டியலிலிருந்து தப்பிக்க இன்னொரு பட்டியலைப் பிடித்துக்கொண்டோம். இன்று கண்காட்சிகளில் சிங்கப்பூர் ஆற்றங்கரைக் கடைவீடுகள் மையில் எத்தனை முறை வந்துவிட்டன! அவற்றில் பாதி, ஆற்றைப் பார்த்துத் தீட்டியவை அல்ல. முந்தைய ஆற்று ஓவியங்களைப் பார்த்துத் தீட்டியவை. அவற்றை மட்டும் யாரும் படியெடுப்பு என்று சொல்வதில்லை. பொருள் உள்ளூர் என்றால் குற்றம் மன்னிக்கப்படுகிறது.

சுவா எக் கேயின் (1947–2008) பெயரையும் இழுப்பார்கள். ஷாங்ஹாய் மரபில் ஊறிய ஃபான் சாங் தியென்னிடம் மை கற்றவர். 1991இல் யூஓபி ஓவியப் போட்டியில் முதற்பரிசு வாங்கினார். மை ஓவியர் ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. பழைய சந்துகளையும் கடைவீட்டுச் சுவர்களையும் தீட்டியவர். பார்த்தீர்களா, மை மலையை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டது என்பது இவர்கள் சொல்லும் கதை. அந்தச் சுவர்களை நெருங்கிப் பாருங்கள். உலர்ந்த மையைப் பக்கவாட்டில் இழுத்து, காரை உதிர்ந்து செங்கல் தெரியும் இடத்தைப் பிடிக்கும் அந்தக் கை பாறை தீட்டிப் பழகிய கை. மேலும், அவர் தெருவோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகளின் பாறை ஓவியங்களைக் கண்ட பிறகு அவருடைய மைக்கே புது வேகம் வந்தது. தெருவைத் தீட்டியவரே கல்லை நோக்கிப் போயிருக்கிறார். மலையிலிருந்து தெருவுக்கு என்ற ஒருவழிப்பாதைக் கதை அவர் வாழ்க்கைக்கே பொருந்தவில்லை.

சீன ஓவியர் வூ குவான்சோங்கின் புகழ்பெற்ற கூற்று ஒன்றையும் துணைக்கு அழைப்பதுண்டு. 2008இல் தம் ஓவியங்கள் 113ஐ சிங்கப்பூருக்குக் கொடையாகக் கொடுத்தவர். தேசியக் கலைக்கூடத்தில் அவருக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. தூரிகையும் மையும் சுழியத்துக்குச் சமம் என்று 1990களின் தொடக்கத்தில் எழுதிச் சீன ஓவிய உலகையே கொந்தளிக்கவைத்தார். அதை வைத்துப் பழைய பாறைக்கோடுகள் அனைத்தும் செல்லாக்காசு என்கிறார்கள். அவர் வாதமோ வேறு: குறிப்பிட்ட ஓவியத்திலிருந்து பிரித்தெடுத்த கோட்டுக்குத் தனி மதிப்பு இல்லை. இந்தப் பாறைக்கு இந்தக் கோடு என்று உழைப்பவனுக்கு இதைவிடப் பெரிய ஆதரவு வேறென்ன வேண்டும்?

கடைசியாக, நமக்கென்ன என்ற வால். இதை எழுதத் தூண்டியதே அதுதான்.

உபின் கிரானைட்டை வெட்டிய கைகளில் இந்தியக் கைகளும் உண்டு. 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட முதல் கைதிகள் மதராஸ் மாகாணத்தவர். அதற்குப் பின் 1873 வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம், இந்நகரத்தின் சாலையும் பாலமும் தேவாலயமும் இந்தியக் கைதிகளின் முதுகில் எழுந்தன. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானாவும் அவர்கள் கட்டியவை. அவர்களை உபினில் கல்லுடைக்கவும் அனுப்பினார்கள். இப்போதைய லிட்டில் இந்தியாவும் சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கற் சூளைகளும் இருந்த இடம்தான்; வீரமாகாளியம்மன் கோவிலைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோவில் என்று முன்னோர் சொன்னார்கள். கல்லையும் சுண்ணாம்பையும் சுமந்தே இந்த ஊரில் காலூன்றிய சமூகம், பாறையைத் தீட்டுவது எனக்குச் சம்பந்தமில்லாத விவகாரம் என்று சொல்லலாமா?

ஓவியத்திலும் நாம் இல்லாமல் இல்லை. சீன ஓவியர் ஷு பெய்ஹோங் 1939இல் சிங்கப்பூரில் கண்காட்சி வைத்துச் சீனப் போர் நிவாரணத்துக்கு நிதி திரட்டினார். பின்னர் தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதன் போனார். 1940இல் இந்தியாவில் இருந்தபோது அவர் தீட்டியது மலையைப் பெயர்த்த முதியவர் ஓவியம். வீட்டுக்கு முன்னால் வழிமறிக்கும் மலையைத் தலைமுறை தலைமுறையாக வெட்டி அகற்றத் துணிந்த கிழவரின் சீனக் கதை அது. நாலு மீட்டருக்கும் நீளமான அந்த மை ஓவியத்தில், உடம்பெல்லாம் முறுக்கேறிக் கருவியை ஓங்கி நிற்கும் தொழிலாளர்களுக்கு மாதிரியாக நின்றவர்கள் இந்தியர்கள். சீனக் கதை, சீன மை, மலை உடைக்கும் இந்திய உடல்கள்! உபின் குவாரிக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி ஓவியத்தை யாராலும் காட்ட முடியாது. இதை வைத்துக்கொண்டு மைப்பாறை சீனர் சமாசாரம் என்றால், ஷு பெய்ஹோங்கே ஒப்பமாட்டார்.

தொழில்நுட்பமும் நமக்கு அந்நியமில்லை. 1903இல் ஜப்பானிய ஓவியர்கள் யோகோயாமா தாய்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் கல்கத்தா வந்தார்கள். அவர்களிடம் பார்த்ததை வைத்து அபனீந்திரநாத் தாகூர் தம் வாஷ் முறையை வளர்த்தார். அவருடைய மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வரானார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். கிழக்காசியாவின் நீர்த்த மை, வங்கம் சுற்றிச் சென்னைக்கு வந்து நூறாண்டு நெருங்குகிறது. கறுப்பு மையில் பாறை தீட்டிய தமிழ்க்கை வேண்டுமென்றால் மதுரை மனோகர் தேவதாஸ் (1936–2022) இருக்கிறார். பார்வை குறைந்துகொண்டே வந்த நிலையிலும் யானைமலையை நுண்ணிய பேனாக் கோடுகளில் வரைந்தவர். ஒற்றைக்கல் மலையின் வழவழப்பை ஆயிரக்கணக்கான சன்னக் கோடுகளால் உணர்த்தியவர். தூரிகைக்குப் பதில் பேனா. மற்றபடி அதே மை, அதே கேள்வி: இந்தக் கல்லின் தோல் எப்படிப்பட்டது?

சிங்கப்பூர்ப் பாறையை முதலில் நீர்வண்ணத்தில் பிடித்தவர்களில் ஒருவர் சீனரும் அல்லர், தமிழரும் அல்லர். 1841 முதல் 1853 வரை இங்கே அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன், வாய்க்கால் ஓடிய உபின் பாறைகளை 1850 வாக்கில் தீட்டிவைத்தார். ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு அதே தீவில் கல் வெட்டுவித்தவரும் அவரே. வெட்டியவர் கண்ணுக்கே அந்தப் பாறை ஓவியமாகப் பட்டிருக்கிறது. அது யாருடைய இனச்சொத்து என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

எதிர்த்தரப்புக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். மூடுபனி, பைன்மரம், ஒற்றைப் படகு, தனிமையில் ஒரு முனிவர் என்று அச்சுப்போட்டது போன்ற மலை ஓவியங்கள் இந்த ஊரில் நிறைய விற்கின்றன. உணவகச் சுவர்களிலும் அலுவலக வரவேற்பறைகளிலும் அவை தொங்குகின்றன. அவற்றைப் பார்த்துச் சலித்தவர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. அந்த எரிச்சல் போய் விழ வேண்டிய இடம் சோம்பேறிக் கண். பாறையும் அல்ல, மையும் அல்ல. கடைவீட்டை அச்சடிப்பவனுக்கும் சிகரத்தை அச்சடிப்பவனுக்கும் ஒரே தண்டனை கொடுங்கள். ஒருவனை உள்ளூர்க்காரன் என்று தட்டிக்கொடுத்து மற்றவனை ஏக்கக்காரன் என்று விரட்டுவது விமர்சனம் ஆகாது.

செய்ய வேண்டியதும் சிக்கலானதில்லை. பள்ளிகளில் மை ஓவியம் கற்பிக்கும்போது கோடுகளின் பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பதை விட்டு, மாணவர்களை ஒருமுறை சாங்கி படகுத்துறையிலிருந்து உபினுக்கு ஏற்றிச் செல்லலாம். சீன மாணவர்களோடு தமிழ், மலாய் மாணவர்களும் அந்தப் படகில் ஏறட்டும். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையமும் தேசியக் கலைக்கூடமும் சேர்ந்து, கல் வெட்டியவர்களின் வரலாற்றையும் கல் தீட்டியவர்களின் ஓவியங்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காட்டலாம். அப்படி ஒரு கண்காட்சி நடந்தால் அதற்கு விளக்கவுரை நான்கு மொழிகளிலும் தேவைப்படும். ஏனென்றால் நான்கு மொழி பேசுவோருக்கும் அந்தக் கல்லில் பாத்தியதை உண்டு.

அதுவரை விமர்சகர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. மையில் தீட்டிய பாறை ஒன்று உங்கள் முன்னால் வந்தால், அது எந்தப் பாறை, எப்படி உடைந்தது, அந்த உடைவு கோட்டில் தெரிகிறதா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் தாராளமாகத் தள்ளுபடி செய்யுங்கள். பதில் இருந்தால் ஓவியத்தைப் பற்றிப் பேசுங்கள். தீட்டியவரிடம் ஊர் விசாரிக்காதீர்கள்.